ஒரு பிடி அரிசி

இந்தியாவில் வீடுகளிலிருந்து மட்டும் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு குப்பைக்குப் போகிறது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கையின் மதிப்பீடு இது. காய்கறித் தோல், கறியெலும்பு போன்ற தின்ன முடியாதவையும் அதில் சேர்ந்திருக்கின்றன. 55 கிலோவை 365 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 150 கிராம். வெந்த சோறாகப் பார்த்தால் அது சில கவளம். அந்தச் சோற்றை உலையில் போடும் முன் அரிசியாக அளந்தால் ஏறக்குறைய ஒரு பிடி.

விருதுநகருக்கு அந்த ஒரு பிடி பழக்கமான அளவு. ஊர் விருதுப்பட்டியாக இருந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்யாசாலைப் பள்ளிக்கு ஊரார் சேர்த்துக் கொடுத்தது பிடி அரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அது வீடு வீடாகத் தண்டப்பட்டு, விற்றுப் பணமாகி, பள்ளிக்குப் போகும். வியாபாரிகள் கொடுத்த மகமை அதனோடு சேரும். 1903இல் அந்த ஊரில் பிறந்த காமராசர் படித்தது அங்கேதான். அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய பள்ளி மதிய உணவும் ஆரம்பத்தில் ஊர் மக்கள் கொடுத்த தானியத்தையும் பணத்தையும் துணையாகக் கொண்டே நடந்தது.

பிடி அரிசி உலைக்கு முன்னால் எடுக்கப்பட்டது. இன்று வீணாகும் பிடி உலைக்குப் பின்னால், வெந்து, குழம்பு ஊற்றி, பிசைந்த பிறகு போகிறது. முன்னால் எடுத்தது பசித்த பிள்ளைக்கு எழுத்தானது. பின்னால் போவது எதற்கும் ஆவதில்லை. சமையலறையில் உணவு வீணாவதைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி அந்தப் பிடியை மறுபடி உலைக்கு முன்னால் கொண்டுவருவதுதான்.

உலகம் முழுவதும் 2022இல் வீடு, உணவகம், கடை மூன்றிலுமாக 105 கோடி டன் உணவு குப்பையானது என்கிறது அதே அறிக்கை. மக்கள் கைக்கு எட்டிய உணவில் அது 19 விழுக்காடு. அதில் 60 விழுக்காடு, அதாவது 63.1 கோடி டன், வீடுகளிலிருந்து போனது. ஓட்டல்களும் விருந்துகளும்தான் வீணாக்குகின்றன என்ற பொது எண்ணம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 19,42,288. இந்தியச் சராசரி இங்கும் பொருந்துமானால் மாவட்டத்து வீடுகளிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் போகிறது. 2018இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். அந்தத் திட்டத்தில் அளக்கப்படும் துறைகளில் ஊட்டச்சத்தும் ஒன்று. அப்படிப்பட்ட மாவட்டத்தில் இந்த எண்ணைச் சும்மா கடந்து போக முடியாது.

கரிசலின் கணக்கு

மாவட்டத்தின் மேற்கே ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மலையடிவாரத்துத் தண்ணீர் கண்ட ஊர்கள். சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிக் கரிசல். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், பருத்தி எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுபவை. விளைந்தால் மொத்தமாக விளையும். இல்லாவிட்டால் ஒன்றும் இருக்காது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் போன்றவற்றைக் கண்ட நிலம் இது. விளைந்ததை அடுத்த விளைச்சல்வரை கெடாமல் வைத்திருப்பது இங்கே பிழைப்பின் ஒரு பகுதியாக இருந்தது.

தானியத்துக்குக் குலுக்கை இருந்தது. மண்ணால் வனைந்த, ஆளுயரக் கொள்கலன் அது. துவரையில் செம்மண் கட்டிக் காயவைத்தால் வண்டு விழாது. காய்களுக்கு வெயில் போதும்: சீனியவரை, சுண்டை, மிதுக்கு, கத்தரி எல்லாம் மோரிலும் உப்பிலும் ஊறி வத்தலாகும். கரிசலுக்கே உரிய அதலைக்காய் மழைக்காலத்தில் வேலியோரம் காய்த்துக் குவியும். பறித்து வைத்தால் சீக்கிரம் வெடித்துவிடும் என்பதால் அன்றைக்கே வதக்க வேண்டும் அல்லது வத்தல் போட வேண்டும். மிஞ்சிய சோற்றை மிளகாய், சீரகம், உப்போடு அரைத்துக் கிள்ளிவைத்தால் சோற்று வடகம். மாடியில் துணி விரித்துக் காயும் வடகத்துக்குக் காக்கை விரட்டியபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளை, பெயர் தெரியாமலேயே உணவுப் பாதுகாப்பில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது.

இவற்றில் மிக எளியது பழைய சோறு. இரவு மிஞ்சிய சோறு ஆறியதும் அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவைக்கிறார்கள். லாக்டிக் அமில பாக்டீரியா இரவு முழுக்கப் பெருகி நீரைப் புளிக்கவைக்கிறது; அந்தப் புளிப்பு சோற்றைக் கெடுக்கும் கிருமிகளை ஒடுக்குகிறது. காலையில் அதுவே நீச்சத்தண்ணியும் சோறுமாக, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் துணையாக, காட்டு வேலைக்குப் போகும் முன் சாப்பாடு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு தரும் பயனை மருத்துவர்கள் ஆராய்ந்த பிறகு அதற்குப் புது மதிப்பு வந்திருக்கிறது. வறுமையின் அடையாளமாக அதை ஒளித்துச் சாப்பிட்ட தலைமுறைக்கு இந்த மதிப்பு தாமதமாகத்தான் வந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. தண்ணீர் ஊற்றாமல் இரவெல்லாம் வெளியே கிடந்த சோறு பழைய சோறு ஆகாது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. ஆறிய சோற்றில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது.

விருதுநகர் பஜாரும் இதே ஒழுங்கில் இயங்கியது. எண்ணெய், பருப்பு, மிளகாய்வத்தல், மல்லிக்கான விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகைகளில் வாராவாரம் தனிப் பத்தியாக வரும் அளவுக்கு அது பெரிய சந்தை. எள்ளும் கடலையும் ஆட்டி எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கு. பருப்பு மில்லில் உடையும் குருணையும் தோலும் பொட்டும் மாட்டுக்கு. வீட்டில் அரிசி களைந்த கழுநீரை எடுத்துப்போக மாடு வைத்திருப்பவர்கள் தெருவில் வருவார்கள். கழுநீர்த் தொட்டி இருந்த வீட்டில் குப்பைக்கூடைக்குப் பெரிதாக வேலை இருந்ததில்லை.

நான்கு மணிக்கு வெந்த சோறு

சிவகாசி வட்டாரத்தின் வீடுகளில் அடுப்பெரியும் நேரத்தைத் தீர்மானிப்பது ஆலையின் வண்டி. பட்டாசு ஆலையைப் பயர் ஆபீஸ் என்றும் தீப்பெட்டி ஆலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றும் சொல்வது இங்கத்திய வழக்கு. சுற்றுக் கிராமங்களுக்கு விடியற்காலையில் வண்டி வந்து ஆட்களை ஏற்றிப் போகும். வேலைக்குப் போகும் பெண் நான்கு மணிக்கு எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, தனக்கும் பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸில் கட்ட வேண்டும். அந்தச் சோறு வாய்க்குப் போவது பகல் 12 மணிக்கு மேல். இடையில் எட்டு மணி நேரம். வெயில் காலத்தில் நிழலிலேயே 38 பாகையைத் தொடும் வெக்கை.

5 பாகை செல்சியஸிலிருந்து 60 பாகைவரை உள்ள வெப்பம் பாக்டீரியா பெருக ஏற்றது. சாதகமான சூட்டில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். எட்டு மணி நேரத்தில் 24 முறை இரட்டித்தால் ஒன்று 1 கோடியே 67 லட்சம் ஆகும். மதியம் பாக்ஸைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தால் சோறு மரத்தடிக்குப் போகிறது. அவள் டீயும் வடையும் வாங்கிச் சாப்பிடுகிறாள். திரி வெட்டுவது போன்ற வேலைக்கு எண்ணிக்கைப்படி கூலி என்ற இடத்தில், பசியோடு உட்கார்ந்தால் அந்தக் கூலியும் குறைகிறது. இந்த வகை விரயத்தை அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை. அது நேரத்தாலும் வெப்பத்தாலும் வருவது. அதற்கான பதிலும் அங்கேயேதான் கிடைக்கும்.

கொதிக்கக் கொதிக்க அடைத்து மூடினால் மூடியில் நீர் கோத்துச் சோற்றில் சொட்டும். அந்த ஈரம்தான் முதலில் கெடுக்கிறது. தாம்பாளத்தில் பரப்பி ஆவி போனதும் கட்ட வேண்டும். குழம்பைச் சோற்றில் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் எடுத்துப்போனால் மிஞ்சியது மிஞ்சியபடி இருக்கும். தேங்காய் அரைத்துவிட்டதும் பருப்புச் சேர்ந்ததும் சீக்கிரம் கெடும். கோடையில் அவற்றை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது. புளிக்குழம்பும் வத்தக்குழம்பும் தாங்கும். புளிச்சோறு அதிகம் தாங்கும்: புளியின் அமிலம் கிருமியை ஒடுக்க, நல்லெண்ணெய் சோற்றைப் போர்த்துகிறது. தயிர்ச்சோறு வேண்டுமென்றால் காலையில் சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்துவிடுவார்கள். மதியம் அது பக்குவமாக உறைந்திருக்கும். தயிரையே ஊற்றிப் பிசைந்தது அதே நேரத்தில் வாயில் வைக்க முடியாமல் புளித்திருக்கும்.

பயர் ஆபீஸில் மிஞ்சும் சோற்றுக்கு இன்னொரு விதி உண்டு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் கலந்த மருந்து கையிலும் உடுப்பிலும் ஒட்டும். வேலை செய்யும் அறைக்குள் சாப்பாடு வைக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள இடத்தில் உணவருந்தும் அறையும், 250க்கு மேல் உள்ள இடத்தில் கேன்டீனும் கேட்டது. உணவுப் பாக்ஸ் நிழலும் காற்றோட்டமும் உள்ள அந்த அறையில் இருந்தால் உணவும் நிற்கும், மருந்தும் சேராது. கை கழுவாமல் தொட்ட சோறு, மருந்துத் தூசி படும் இடத்தில் திறந்து கிடந்த சோறு ஆகியவற்றை மிச்சப்படுத்த நினைக்கவே கூடாது. வீணாக்காமல் இருப்பது உடம்புக்கு மேற்பட்ட ஒழுக்கமில்லை.

வாரக்கூலி கையில் வரும் நாளில் காய்கறியும் கறியும் மொத்தமாக வாங்குவது இப்பகுதியின் இயல்பு. முதல் மூன்று நாள் குழம்பும் பொரியலுமாகப் போய், மீதிக் கீரையும் தக்காளியும் கூடையில் கிடந்து அழுகும். இதற்கு வாங்குவதைக் குறைப்பதைவிடச் சமைக்கும் வரிசையை மாற்றுவது கைகூடும். கீரையும் வெண்டையும் முதல் இரண்டு நாளில். கத்தரி, அவரை, முருங்கை அடுத்து. பூசணி, சேனை, வெங்காயம், வத்தல் வாரக் கடைசியில். தக்காளி கனிந்து சரிந்தால் அன்றைக்கே தொக்காக வதக்கி எண்ணெய் மிதக்க எடுத்துவைத்தால் சில நாள் வரும்.

அளவு

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பட்டினியை விரட்டியதில் அதன் பங்கு பெரியது. அரிசி கையில் இருப்பதால் அளக்கும் பழக்கம் மட்டும் தளர்ந்தது. ஆழாக்கும் உழக்கும் பரணில் ஏறிவிட, கை அளவாக அள்ளிப் போடுகிறார்கள். ஒரு கிலோ அரிசி விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒரு பிடியை 50 கிராம் என்று வைத்தால் 125 லிட்டர். வெம்பக்கோட்டை அணையையும் மானூர்க் குடிநீரையும் எதிர்பார்த்துக் குடம் வைத்துக் காத்திருந்த சிவகாசிக்கு அது எத்தனை குடம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாரம் ஒரே டம்ளரால் அரிசி அளந்து, மிஞ்சியதைச் சுவர் காலண்டரில் குறித்துவந்தால் வீட்டுக்கு வேண்டிய அளவு தானாகத் தெரிந்துவிடும். கால் டம்ளர் குறைவது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது.

இட்லி மாவு புளித்தால் ஊத்தப்பமும் பணியாரமும் இருக்கின்றன. பாக்கெட்டில் அச்சிட்ட இருவகைத் தேதிகளை ஒன்றாக எண்ணுவதாலும் நல்ல பொருள் குப்பைக்குப் போகிறது. காலாவதித் தேதி கடந்ததை உண்ணக் கூடாது, விற்கவும் கூடாது. சில பாக்கெட்டுகளில் கூடவே இருக்கும் ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி சுவையும் மணமும் முழுமையாக இருக்கும் காலத்தை மட்டும் சொல்கிறது.

முகூர்த்த நாள்

தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் பெரும்பங்கு சிவகாசியில் அச்சாகிறது. கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. அந்தக் காலண்டரில் வளர்பிறை முகூர்த்தம் என்று குறித்த ஒரே நாளில் ஒரு குடும்பத்துக்கு நான்கு பத்திரிகை வரும். நான்கு மண்டபத்திலும் மொய் எழுதுவார்கள், ஒரு மண்டபத்தில்தான் சாப்பிட முடியும். நான்கு வீட்டாரும் அவர்களுக்காகச் சமைத்திருப்பார்கள். விருந்து மிஞ்சுவதன் முதல் காரணம் இந்தக் கணக்குதான். பத்திரிகையின் எண்ணிக்கையை வைத்து இலை போடுவது தவறு. அன்றைக்கு ஊரில் எத்தனை கல்யாணம், அது வேலை நாளா, பட்டாசு ஆலைகள் விறுவிறுப்பாக ஓடும் மாதமா என்று பார்த்துச் சமையல்காரரிடம் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள சமையல் மேஸ்திரி முழு அரிசியையும் ஒரே நேரத்தில் உலையில் போடமாட்டார். கடைசி இரண்டு பந்திக்கானதைக் களைந்துவைத்து, கூட்டத்தைப் பார்த்துப் போடுவார். வேகாத அரிசி நாளைக்கும் அரிசி.

இலையில் மிஞ்சுவதற்குக் காரணம் வேறு. ஆள் உட்காரும் முன்பே இருபது வகையையும் பரிமாறி வைத்துவிடும் பழக்கம் பந்தியை வேகமாக நகர்த்துகிறது. பிடிக்காத பண்டமும் தொடாத இனிப்பும் அப்படியே சுருட்டப்படுகின்றன. கேட்டுக் கேட்டு, சிறு கரண்டியால் இரண்டு முறை பரிமாறுவதே பழைய முறை. அதற்கு ஆள் கூட வேண்டும், நேரமும் கூட ஆகும். வகையைக் குறைத்தால் அந்த ஆளும் நேரமும் கிடைக்கும். வகைகளின் எண்ணிக்கையால் குடும்ப கௌரவத்தை அளப்பதை முதலில் கைவிட வேண்டியவர்கள் வசதியுள்ளவர்கள். மற்றவர்கள் கடன் வாங்கியாவது அவர்களைப் பின்தொடர்கிறார்கள்.

இலையில் விழாமல் பாத்திரத்தில் மிஞ்சியதைக் கொடுக்க வழி உண்டு. கோவையில் பத்மநாபன் கோபாலன் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு மண்டபங்களிலிருந்து உணவை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. அது பிற ஊர்களுக்கும் பரவியது. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் ‘அய்யமிட்டு உண்’ என்ற பெயரில் பொதுக் குளிர்சாதனப் பெட்டி வைக்கப்பட்டது. உபரி உணவைப் பெறவும் பகிரவும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் தனி ஒழுங்குமுறை வகுத்தது. சிறு ஊரில் அமைப்பு ஏதும் இல்லாவிட்டாலும், முதியோர் இல்லத்திலோ விடுதியிலோ முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுக் கடைசிப் பந்தி உட்காரும்போதே எடுத்துப்போகச் செய்யலாம். மாலை நான்கு மணிக்கு நினைவு வந்து அனுப்பும் சாம்பார் பிறரை நோயாளியாக்கும். 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை, அதற்கென உரிமம் பெறாத இடத்தில் நடத்துவோர் உள்ளாட்சிக்கு மூன்று வேலை நாள் முன்பே தெரிவித்துக் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதும் பலருக்குத் தெரியாது. தென் கொரியா 2005இல் உணவுக் கழிவைக் குப்பைக்கிடங்கில் கொட்டத் தடை விதித்து, 2013 முதல் எடைக்குத் தகுந்த கட்டணம் வாங்குகிறது. கொட்டும் கை எடை பார்க்கத் தொடங்கியது அப்படித்தான்.

எண்ணெய், மாடு, மண்

தீபாவளி இப்பகுதிக்குத் தொழிலின் உச்சமும் பலகாரத்தின் உச்சமும் ஆகும். போனஸ் கையில் வந்து, முறுக்கும் அதிரசமும் சுட்டு, சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பெட்டி பெட்டியாகக் கைமாறும். சேவு வாரக்கணக்கில் நிற்கும், பால்கோவா நிற்காது. நான்கு வீட்டிலிருந்து வந்த பால்கோவாவை முதலிலேயே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். பண்டிகை முடிந்து ஆலைகள் சில வாரம் மூடப்படும்போது கூலி நிற்கிறது. அந்த வாரங்களில் வீட்டில் இருக்கும் பருப்பும் வத்தலும் வடகமும்தான் கடனைத் தள்ளிப்போடுகின்றன.

பொரித்த எண்ணெயில் சிக்கனம் ஆபத்து. எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் போலார் சேர்மங்கள் கூடும். அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்குப் பேர்போன விருதுநகரின் கடைகளுக்கும் சேவுக் கடைகளுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசல் ஆக்கும் ஏற்பாட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் தொடங்கியது.

மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைப்பதிலும் அளவு உண்டு. கல்யாண வீட்டுச் சோற்றைக் குவியலாகத் தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் மிகுந்து அது செத்துப்போவது கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி காணும் ஒன்று. பாலித்தீன் பையில் கட்டி வீசினால் பையும் வயிற்றுக்குள் போகும். காய்த்தோலும் கழுநீரும் புண்ணாக்கும் கலந்ததே மாட்டுக்குச் சரியான தொட்டி.

மாடில்லாத வீட்டில் மிச்சம் மண்ணுக்குப் போகலாம். குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளியிடுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். தரம் பிரித்துக் கொடுத்தால் மக்கும் குப்பை நகராட்சிகளின் நுண் உரக்கூடங்களில் உரமாகும். வீட்டிலேயே செய்ய ஓட்டையிட்ட மண்பானை போதும். ஒரு அடுக்கு காய்த்தோல், ஒரு அடுக்கு காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார், ஒரு கை புளித்த மோர். வாரம் ஒருமுறை கிளற வேண்டும், ஈரம் மிகுந்தால் சருகு கூட்ட வேண்டும். இரண்டு மாத அளவில் பானையில் கறுத்த, மண்வாசம் அடிக்கும் உரம் இருக்கும். கொல்லைப்புறக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் அதைத் தூரில் போட்டு மண் அணைக்கலாம்.